நாங்கள் இல்லாத ஊர்

நெடுமதில் என்று பேர்தான் இருக்கிறதே தவிர, நம்ம ஊரில் மதில் எதுவும் கிடையாது. பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் மதில் எங்கே என்று நாலு பக்கமும் பார்ப்பார்கள்; ஒரு டீக்கடையும் ஒரு உரக்கடையும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வரகுக் கொல்லையும் தவிர வேறொன்றும் தெரியாது. அடுத்தபடியாக அவர்கள் கவனிப்பது நம்ம உபசாரத்தை. யார் வாசலில் போய் நின்றாலும் "வாங்க, நம்ம வீடுதான்" என்பார்கள், சொம்பை நீட்டி "நம்ம கிணத்துத் தண்ணி" என்பார்கள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறவளைக் காட்டி "நம்ம சம்சாரம்" என்று அறிமுகம் செய்யும்போது வந்தவர் கொஞ்சம் நெளிவார், ஆனாலும் இப்படிக் கள்ளம் கபடம் இல்லாத ஜனங்களைப் பார்த்ததே இல்லை என்று தன் ஊரில் போய்ச் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். அது உபசாரம் இல்லை, பயம்.

நம்ம ஊரில் ஒரு சொல் கிடையாது. எழுதிக் காட்டுகிறேன், எழுதத்தான் முடியும்: நாங்கள். எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் மற்றது என்று தமிழ் பேசுகிற உலகமெல்லாம் நடக்கிற கணக்கு இங்கே நடக்காது; நமக்கு இருப்பது ஒன்றுதான். புதிதாக வந்த தமிழ் டீச்சர் ஒருத்தர் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைப் படிக்கச் சொல்ல, முதல் சொல்லைக் கோரஸாகப் படித்த வகுப்பு இரண்டாவதில் வாயடைத்து நின்றது, முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் காபியைக் குடித்துவிட்டு "எங்க பக்கம் இவ்வளவு சீனி போடமாட்டோம்" என்றதும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. சீனிக்கு யாரும் பயப்படவில்லை. அந்த 'எங்க' என்பதற்குத்தான்.

இது எண்ணூறு வருஷத்துப் பயம். எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஆனால் ஒன்று, நானும் இந்த ஊரில் பிறந்து இந்த வரகைத் தின்று வளர்ந்தவன். சொல்லிக்கொண்டே வரும்போது நாக்கு பிரண்டு பக்கம் மாறிவிட்டால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் ஆற்றின் தென்கரை ஒரு நாடு, வடகரை ஒரு நாடு. தென்கரைக்கு இதுதான் தலைநகரம், மதில் நிஜமாகவே இருந்தது, அதன்மேல் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் உரசாமல் ஒதுங்கிப் போகலாம் என்று சொல்லுவார்கள். வடகரை அரசனுக்குத் தன் அரண்மனை மாடியில் நின்றால் அந்த மதில்தான் கண்ணில் படும், அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கோடையில் ஆறு வற்றியதும் மணலில் யானைகளை இறக்கிக்கொண்டு வந்து ஊரை வளைத்தான், ஏரிக்கரையை உடைத்தான், வயலையும் வைக்கோற்போரையும் கொளுத்தினான், உள்ளே இருந்தவர்கள் எலி பிடித்துத் தின்கிற நிலைமை வந்தபிறகு ஒரு விடியற்காலையில் வடக்குக் கதவைத் தகர்த்துக்கொண்டு நாம் உள்ளே புகுந்தோம்.

பார்த்தீர்களா, வந்துவிட்டது. நாம் இல்லை. அவர்கள். அவர்கள் உள்ளே புகுந்தார்கள்.

அந்த வடக்குக் கதவின் காவலாள் பேர் சேந்தன். கதவுக்குக் குறுக்கே போடுகிற கணையமரத்தைத் தனி ஆளாகத் தூக்கி மாட்டுவான். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது சாத்திய கதவின் முன்னால் நின்று "ஆத்தீ" என்று நீட்டிக் கூப்பிடுவான். முன்பல் விழுந்திருந்த அவன் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து தாழ்ப்பாளை எடுக்கவேண்டும், அதுவரை அவன் உள்ளே வரமாட்டான், அது அப்பனுக்கும் மகளுக்குமான விளையாட்டு. கதவு விழுந்த அன்றைக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, ஏனென்றால் மதிலை இடித்துக் கதவோடும் கல்லோடும் ஆளோடும் அகழியில் தள்ளிவிட்டார்கள். உயிரோடு மிச்சப்பட்டவர்கள் உட்கார்ந்து பேசும்போது, அவ்வளவு பெரிய கதவு தானாகவா விழும், யாரோ உள்ளேயிருந்து திறந்திருக்கிறான் என்று ஒருவர் தொடங்கினார், சேந்தன்தானே கதவுக்காரன் என்று இன்னொருவர் முடித்தார். அவன் இப்போது வடகரையில் பட்டு உடுத்திக்கொண்டு திரிவதாகப் பார்த்ததுபோலவே சொன்னார்கள். அவன் மனைவி உய்யவந்தாள் அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. செத்தானா, ஓடினானா என்று தெரியாமல் தாலியை எடுப்பதா வைப்பதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வென்றவர்கள் தோற்றவன் ஊரைக் கழுதை பூட்டி உழுது வரகு விதைப்பது அப்போதைய வழக்கம். இனிமேல் இது ஊர் இல்லை, காடு என்று அதற்கு அர்த்தம். அரசனே ஏர் பிடித்து முதல் உழவுச்சால் ஓட்டினான், கழுதைகள் ஏருக்குப் பழகாமல் குறுக்கும் நெடுக்கும் இழுத்தன, அரண்மனை இருந்த இடமும் கடைவீதி இருந்த இடமும் மதிலை இடித்துத் தூர்த்த அகழியும் எல்லாம் ஒரே கொல்லையாயின, வெள்வரகைக் கைகையாக இறைத்துவிட்டுப் படை ஆற்றைக் கடந்து போனது. காவலுக்குக் கொஞ்சம் ஆட்களையும் அவர்களுக்குத் தலைவனாகக் கூத்தன் என்பவனையும் விட்டுப் போனார்கள். கூத்தன் பொல்லாதவன் என்று சொல்ல முடியாது, ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தானே தவிர பாதி நேரம் தன் ஊர் ஞாபகத்தில் இருந்தான்.

விதைப்பது ஒரு சடங்குதான், அறுக்க யாரும் வருவதில்லை. ஆனால் அந்த வருஷம் சாம்பல் உரத்தில் வரகு ஆள் மட்டத்துக்கு வளர்ந்து கதிர் சாய்ந்தது. பசியில் கண் மங்கிப்போன ஜனங்கள் அதன் ஓரத்தில் நின்று பார்த்தார்கள், தொடவில்லை. கழுதை உழுததைத் தின்கிறதாவது என்று ஒரு ரோஷம் இருந்தது. உடைந்த ஏரிச் சேற்றில் அல்லிக்கிழங்கு தோண்டித் தின்றார்கள், அதுவும் தீர்ந்துவந்தது.

முதலில் தின்றவள் உய்யவந்தாளின் பக்கத்து வீட்டுக்காரி பெருந்தேவி. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மதில்மேல் நின்று செத்தவர்கள். அழுது அழுது தொண்டை கட்டி, அழுகிற வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. ஒரு நாள் மானத்தை விட்டுக் கொல்லையில் இறங்கி மடி நிறையக் கதிரைக் கிள்ளிவந்தாள். வரகு குத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை, தோலுக்குள் தோல், அதற்குள்ளும் தோல். அன்று பகல் முழுக்க அவள் உலக்கைச் சத்தம் தெருவில் கேட்டது. அந்தியில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் அவள் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். தலையில் எருக்கம்பூவாவது கிடக்கட்டும் என்று செருகிக்கொண்டு, வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சண்டைக் கதை சொன்னாள். உய்யவந்தாள் கீரைக்கூடையோடு நின்று கேட்டாள்.

"நாம ஏணி சாத்தி ஏறினோம் பாரு, மேலேருந்து ரெண்டு பயலுவ கல்லா உருட்டித் தள்ளுறானுவ. ஒருத்தனுக்கு இடது கை பழக்கம். அவனை முதல்ல குத்தினோம். இன்னொருத்தன் அவன்மேல விழுந்து அண்ணே அண்ணேன்னு அழுதான். அவனையும் அங்கேயே முடிச்சோம்."

பெருந்தேவியின் மூத்தவனுக்கு இடது கை பழக்கம். அவள் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு துளி துக்கம் இல்லை, கை தட்டிச் சிரித்தாள். புது வரகு தலையைச் சுற்றும், தெரிந்ததுதான், கிறக்கம் தெளிந்தால் சரியாகிவிடும் என்று மோரைத் தேடினார்கள், மோர் ஏது. எலுமிச்சை இலையைக் கசக்கி முகர வைத்தார்கள். கிறக்கம் தெளிந்தது. அவள் கணக்காகப் பேசினாள், அடுப்பு மூட்டினாள், கிழிசல் தைத்தாள். பிள்ளைகள் இருந்த ஞாபகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மதிலேறி வந்த ஞாபகம் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு ஊர் பயந்து ஓடியிருக்கவேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்பதை எல்லோரும் கவனித்தார்கள். தின்றால் பசி போகும், பசியோடு செத்தவர்களும் போய்விடுவார்கள், தூக்கம் வரும், விடிந்தால் தோற்றவர்களாக இல்லாமல் வென்றவர்களாக எழுந்திருக்கலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள். ஏமாந்து தின்றவர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் தெரிந்துதான் தின்றார்கள். ஒரு வீட்டில் உலக்கைச் சத்தம் ஓயும்போது அடுத்த வீட்டில் தொடங்கும், அங்கே ஓயும்போது அதற்கடுத்த வீட்டில். தெருத்தெருவாகத் துக்கம் அவிந்துகொண்டு வந்தது, கோலம் வந்தது, பாட்டு வந்தது, கதவைத் தகர்த்த கதையும் மதிலேறிய கதையும் அகழியை மூடிய கதையும் வந்தன. அந்தச் சமயத்தில்தான் அந்தச் சொல்லும் போனது. யாரும் அதை விலக்கவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வெளியே நிறுத்தி வைக்க ஆள் இல்லாதபோது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

கூத்தன்தான் பாவம். நிலவரியைப் பற்றிப் பேச வந்தவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நாம ஜெயிச்சவங்க, நமக்கு நாமே வரியா" என்று கேட்டு அவன் முதுகில் தட்டினார்கள். நீங்கள் தோற்றவர்கள் என்று அவன் எடுத்துச் சொல்லச் சொல்ல, கூத்தா உனக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நிழலில் உட்கார வைத்தார்கள். அவன் கையால் செய்தது எல்லாமே ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, அவனைவிடத் துல்லியமாக. தன் வாழ்நாளில் அவன் வெளியே சொல்லாத ஒரு குத்தை, சந்தையில் ஒரு கிழவி தான் செய்ததாகச் சொல்லிக் கேட்ட அன்று, அவன் ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு ஆற்றைப் பார்த்து நடந்துபோனான். அவனுடைய ஆட்கள் இங்கேயே பெண் கட்டிக்கொண்டார்கள். கூத்தன் வடகரைக்குப் போய்ச் சேர்ந்தானா, தெரியாது.

தின்னாமல் மிச்சமிருந்தது உய்யவந்தாளும் ஆத்தியும் எண்ணெய்ச் செக்கு ஆட்டுகிற மாதேவனும்தான். உய்யவந்தாள் ஏன் தின்னவில்லை என்றால், வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. சேந்தன் ஓடினானா, செத்தானா என்ற அந்தச் சந்தேகம் ஒன்றுதான் அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது, அதை விட மனசில்லை. மகளுக்குக் கொடுக்காததற்குக் காரணம் இன்னும் சாதாரணம். அந்திக்கு அந்தி அந்தப் பெண் சாத்திய கதவின் பின்னால் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். வரகைக் கொடுத்தால் அவள் நிற்கமாட்டாள். அல்லிக்கிழங்கு தீர்ந்துபோய்க் கோரைக்கிழங்கைச் சுட்டுக் கொடுத்தாள், அவளுடைய விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியபோதும் கோரைக்கிழங்கையே சுட்டாள்.

வெற்றி என்று ஒன்று இருந்தால் தோல்வி என்று ஒன்று எங்கேயாவது இருக்கவேண்டும். இது ஊருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இவ்வளவு பெரிய சண்டை போட்டோமே, தோற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவர் கேட்டார், கேட்டதிலிருந்து எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. எங்கேயும் போயிருக்கமாட்டார்கள், இங்கேதான் நம்மோடு கலந்து ஒளிந்திருக்கிறார்கள், சமயம் பார்த்துப் பழி தீர்ப்பார்கள். கதவைத் தாழிட்டுப் படுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை நாய்க்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி ஒன்றுதான், யார் ஜெயித்தது? நாம் என்று வந்தால் சரி. மாதேவனுக்குப் பொய் வராது, நெற்றியைத் துடைத்துக்கொண்டு "நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றுவிட்டார். எதிரியை என்ன செய்வது என்பது அவர்கள் ஒவ்வொருவர் கைக்கும் ஞாபகம் இருந்தது. உலக்கையால் செய்தார்கள். செய்து முடித்துவிட்டு இவர் யார், எந்த ஊர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், தலைமுறையாக அவரிடம் எண்ணெய் வாங்கினவர்கள்.

அன்றிலிருந்து உய்யவந்தாள் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். கோரைக்கிழங்கு சுடும்போதும் தலை வாரும்போதும் அதே பாடம். யார் கேட்டாலும் நாம ஜெயிச்சோம் என்று சொல்லு. நாம. வாயை மூடித் திறந்தால் போதும், நடுவில் வேறெந்த எழுத்தும் வரக்கூடாது. ஆத்திக்கு இது புரியவே இல்லை.

"நாமன்னா நீயும் நானும்தானேம்மா. அவங்க எப்படி நாம ஆவாங்க?"

உய்யவந்தாளுக்கு அது தெரியாமல் இல்லை. வீட்டுக்குள் மூன்று பேர் மட்டும் சொல்லிக்கொண்ட சொல், நாம சாப்பிடலாமா, நாம தூங்கலாமா என்று பாயோடும் சோற்றோடும் கிடந்த சொல், அதைத் தூக்கித் தெருவில் அவர்கள் கையில் கொடுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லு என்றாள். பிள்ளை ஒப்பித்தது. ஒப்பிக்கும்போதெல்லாம் சரியாகத்தான் வந்தது.

கதவு விழுந்த நாள் மறுவருஷம் திரும்பி வந்தபோது ஊர் அதைத் திருவிழாவாக எடுத்தது. கதவு இருந்த இடத்தில் கொல்லையைச் சமன்படுத்தி, பெரிய கொப்பரை வைத்து வரகுக் கஞ்சி காய்ச்சினார்கள், பறை அடித்தார்கள், வராத வீட்டைக் குறித்துக்கொள்ள வாசலில் ஆள் நின்றான். போகாமல் இருக்க வழியில்லை. உய்யவந்தாள் மகளைக் குளிப்பாட்டி, சிரித்த முகமாக இரு என்று சொல்லி அழைத்துப் போனாள். அவள் கால் மண்ணில் படும்போதெல்லாம் கீழே சேந்தன் கிடக்கிறானோ, மிதிக்கிறோமோ என்று உடம்பு கூசியது. ஜனக்கூட்டத்தில் முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள், கல்யாணத்துக்கு வந்த முகங்கள், ஆத்தி பிறந்தபோது அவள் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்த முகங்கள். அவற்றைப் பார்த்துத்தான் அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேற்று முகமாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

பெருந்தேவி கொப்பரையண்டை அகப்பையோடு நின்றாள். குழந்தையைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்தது, இப்படி எலும்பும் தோலுமாக வைத்திருக்கிறாயே என்று உய்யவந்தாளைக் கடிந்துகொண்டு, ஆத்தியின் கன்னத்தைக் கிள்ளி, கொஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

"யாருடி கண்ணு ஜெயிச்சது?"

ஆத்தி அம்மாவைப் பார்த்தாள். சிரித்த முகமாக இருந்தாள். ஜெயித்தோம் என்று சொல்லவேண்டும், அது ஞாபகம் இருந்தது. ஆனால் எதிரே நிற்பது அம்மா இல்லை, அடுத்த வீட்டுக்காரி. அடுத்தவரிடம் பேசும்போது ஒரு பிள்ளைக்கு வாயில் எது வருமோ அதுதான் வந்தது.

"நாங்க ஜெயிச்சோம்."

பறை நின்றது. அந்தச் சொல்லைக் கேட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது, சிலருக்கு என்ன சொல் என்றே தெரியவில்லை, ஆனால் அதைக் கேட்டதும் தாங்கள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. கூட்டம் அந்தப் பிள்ளையை விட்டு ஓர் அடி பின்வாங்கியது. ஈர்க்குச்சி மாதிரி இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து அத்தனை பேரும் நடுங்கினார்கள், அந்த நடுக்கம்தான் பயங்கரம், மாதேவனிடமும் முதலில் இப்படித்தான் நடுங்கினார்கள். யாரோ உலக்கையை மாற்றிப் பிடித்தார்கள்.

உய்யவந்தாள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள். "பசியில உளறுது, நம்ம பிள்ளைக்கு யாராச்சும் ஒரு வாய் ஊத்தக்கூடாதா" என்று அதட்டிக்கொண்டே, பெருந்தேவி கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி, ஆறிய கஞ்சியாகப் பார்த்து வழித்து மகளின் வாயில் வைத்தாள். பிள்ளை ஆவென்று வாங்கிக்கொண்டது. எவ்வளவு நாள் பசி. தன் பங்குக்குக் கொடுத்த கிண்ணத்தையும் பிள்ளைக்கே ஊட்டினாள், தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும். ஒவ்வொரு வாய்க்கும் ஆத்தியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வாயில் சேந்தன் போனான் என்று தெரியவில்லை. வழித்து நக்கிவிட்டு ஆத்தி நிமிர்ந்தாள், பெருந்தேவி மறுபடி கேட்டாள், நாம என்று பிள்ளை பளிச்சென்று சொன்னது, பறை மறுபடி தொடங்கியது.

திரும்பி வரும்போது அந்திவெயில் இருந்தது. ஆத்தி குதித்துக் குதித்து நடந்தாள், வாய் ஓயவில்லை, யானை எப்படி முட்டியது, கதவு எப்படிப் பிளந்தது என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கதவு திறந்துதான் கெடந்துச்சா?" என்று உய்யவந்தாள் கேட்டாள்.

"எங்கே திறந்துச்சு, நாம முட்டி முட்டித்தான் பிளந்தோம். உள்ளே ஒருத்தன் கணையமரத்துல முதுகைக் கொடுத்துக்கிட்டு நின்னான்மா. மத்தவன்லாம் ஓடிட்டான், அவன் மட்டும் நவுரவே இல்லை. பிளந்த சந்து வழியா ஈட்டியை விட்டுக் குத்தினோம். நானும் குத்தினேன்."

உய்யவந்தாள் தெருவில் உட்கார்ந்துவிட்டாள். சேந்தன் ஓடவில்லை. ஒரு வருஷமாக அவள் நெஞ்சை அறுத்த கேள்விக்குப் பதில் இப்படி வந்தது, அவன் மகள் வாயாலேயே, அவனைக் கொன்றவளின் வாயாலேயே. அழவேண்டும்போல் இருந்தது, அழக்கூடாது என்றும் தெரிந்தது.

ஆத்தி நின்றாள். ஏதோ ஒன்று அவளுக்கு இடித்தது, புருவத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"குத்துறப்ப அவன் ஆத்தீன்னு கூப்பிட்டான்மா. அவனுக்கு என் பேரு எப்படித் தெரியும்?"

அவன் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் தாய் கேட்டாள். சரியாகப் பார்க்கவில்லை, நெரிசல் என்றாள் ஆத்தி. சொல்லிவிட்டுத் தாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீயும்தானே அங்கே இருந்தே. உனக்கு ஞாபகம் இல்லையா?"

உய்யவந்தாள் தன் மகளைப் பார்த்துப் பயந்தது அதுதான் முதல் தடவை. இருக்குடி, இல்லாமலா என்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். ஆத்தி தாழ்ப்பாளண்டை போய் நிற்கவில்லை, நேராகப் போய்ப் படுத்துக் கால் நீட்டித் தூங்கினாள், வயிற்றில் கஞ்சி இருக்கும் பிள்ளையின் தூக்கம். விடிந்தபோது உய்யவந்தாள் வரகுக் கதிரைக் கிள்ளிவந்து உலக்கையை எடுத்தாள். மகள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்ற பயத்தில் குத்தினாளா, அவன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க ஈட்டி பிடித்த இந்தப் பக்கம் வருவதைத் தவிர வழியில்லை என்பதால் குத்தினாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் உரலில் வரகு தோல் உரியும் சத்தம் உச்சிவரை கேட்டது. அதோடு இந்த ஊரில் தோற்றவர் ஒருவரும் இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? திருவிழாவுக்கு வந்து பாருங்கள், நம்ம வெற்றிக் கதையை விடிய விடியச் சொல்லுவார்கள், நம்மைப் பிடிக்காத ஒருவன் காதால் அதைக் கேளுங்கள், சட்டையை உள்பக்கம் திருப்பினால் தையல் தெரிகிறமாதிரி எல்லாம் தெரிந்துவிடும். என் காது எப்படி அப்படி ஆனது என்று எனக்கே தெரியாது, யாரிடமும் சொன்னதும் இல்லை. பயம்தான். இன்னொன்றும் இருக்கிறது, ஒரு வழக்கம். அதை உய்யவந்தாள் தொடங்கினாளாம், தின்பதற்கு முன்பா பின்பா என்று யாருக்கும் தெரியாது, ஏன் என்று கேட்டால் வழக்கம் என்றுதான் சொல்லுவார்கள். பிள்ளைக்குப் பேச்சு வந்து முதல் வரகு ஊட்டுகிற அன்று அப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகைக் கதவில் கொடுத்து நிற்கவேண்டும். பிள்ளையின் பேரை நீட்டி ஒரு தடவை கூப்பிடவேண்டும். பிறகு வெளியே இருப்பவர்கள் கதவைத் தள்ளித் திறப்பார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், அப்பன் முகத்தில் மஞ்சள் பூசுவார்கள்.

போன தையில் என் மகளுக்கு ஊட்டினோம். அவள் பேரும் ஆத்திதான், நம்ம ஊரில் தெருவுக்கு ஓர் ஆத்தி உண்டு. வரகு வேண்டாம், இட்லி ஊட்டலாமே என்று என் மனைவியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மரம் முதுகில் குளிர்ந்தது. நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. சொல்லவில்லை. ஆத்தீ என்று கூப்பிட்டேன். வெளியே கஞ்சி வாயோடு அவள் யாரையோ ஏதோ கேட்பது கேட்டது, பிறகு நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினோம்.